ஒன்பது நிமிட வெளிச்சம்

தூணைக் கறுப்புத் தார்ப்பாயால் தலை முதல் கால் வரை மூடியிருந்தார்கள். தில்லைநாயகி ஏழாவது முறையாக அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பகல் பதினோரு மணி வெயில். கரிசல் மண் செருப்பையும் மீறிச் சுட்டது. வேப்ப மரத்து நிழலில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் போய் உட்கார அவருக்கு மனம் ஒப்பவில்லை. உட்கார்ந்தால் யோசிக்க வேண்டிவரும்.

“மேடம், இன்னும் ரெண்டு சுத்து சுத்தினீங்கன்னா தூண் ஏதாவது வரம் குடுத்துரும்,” என்றாள் நஸ்ரீன். சென்னையிலிருந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்த இயற்பியல்காரி அவள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகி சிரித்துவைத்தார். கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். வரலாற்றுத் துறையில் அவர் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் எழுந்து நிற்பார், அல்லது எழுந்து போய்விடுவார். இரண்டுக்கும் காரணம் அவர் எழுதிய ஒரே ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் பிறந்த இடம்தான் இது, முத்துராயன்பட்டி தீப்பெட்டி ஆபீஸ். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். இப்போது ஆபீஸும் இல்லை, கூரையும் இல்லை. எதிரும் புதிருமாக ஒரு கல்தூணும், கருகிய நிலைச்சட்டம் ஒன்றும் நின்றன. அந்த நிலைச்சட்டத்துக்கு உள்ளேதான் சரக்கு அடுக்கும் கிட்டங்கி இருந்தது. 1981ஆம் ஆண்டு, ஒரு புதன்கிழமை பிற்பகலில், பூட்டிய அந்தக் கிட்டங்கிக்குள் இருபத்தேழு பெண்கள் தீயில் செத்துப்போனார்கள்.

அதற்கு இது அறுபதாவது வருஷம்.

“ஏம்மா, கல்லுக்குள்ள எப்படிப் படம் இருக்கும்?” என்று கேட்டார் சீனியம்மாள். அறுபத்தொன்பது வயது. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். டிரைவர் இல்லாத பஸ் என்பதால் வழி நெடுக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததாக இறங்கியதும் சொல்லியிருந்தார்.

நஸ்ரீன் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “கல்லுக்குள்ள பொடிப்பொடியா மின்னுதுல்லம்மா, அந்தப் பொடி ஒவ்வொண்ணும் தன்மேல விழுற வெளிச்சத்தக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். மறுநாள் வெயில் வந்து முந்தின நாள் வெளிச்சத்தை அழிச்சிரும். ஆனா இந்தத் தூண்ல அப்படி நடக்கல. தீப்பிடிச்ச மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முன்னாலயே, போலீஸ் போட்டோகிராபர் வர்றதுக்குள்ள, முதலாளி கரி தெரியக் கூடாதுன்னு தூண் பூரா சிமென்ட் பூசிட்டாரு. கடைசியா விழுந்த வெளிச்சம் உள்ளேயே மாட்டிக்கிச்சு. அறுபது வருஷமா உள்ளேயே இருக்கு.”

“மறைக்கப் போயி பத்திரப்படுத்திட்டாகன்னு சொல்லு.”

“அதேதான். ஆனா ஒரு சிக்கல் இருக்கும்மா. பொடிய உசுப்பி வெளிச்சத்த வெளியே எடுத்தா, எடுத்ததோட அது போச்சு. இன்னொரு தடவை எடுக்க முடியாது. அதுக்கு முன்ன பின்ன இருக்கிற நேரமும் அந்த உசுப்பல்லயே கலங்கிரும். கணக்குப் போட்டுப் பாத்தேன். முழுசா ஒன்பது நிமிஷம் எடுக்கலாம். சத்தம் இருக்காது, படம் மட்டும்தான். எந்த ஒன்பது நிமிஷம்னு நீங்க மூணு பேரும் சேர்ந்து சொல்லணும். மிச்சமெல்லாம் அழிஞ்சிரும்.”

சீனியம்மாள் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மூணு பேரா? அப்ப வெளங்குனாப்லதான்,” என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் மூன்றாவது ஆளின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பேராசிரியர் ஜெயசீலன், குடையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, வெயிலோடு போருக்கு வந்தவர் மாதிரி இறங்கினார். அவரும் தில்லைநாயகியும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். ஒரே கேன்டீனில் ஒரே வடையைப் பிய்த்துத் தின்றவர்கள். முத்துராயன்பட்டித் தீயைப் பற்றி ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள். அதற்குப் பிறகு கருத்தரங்குகளில் ஒருவர் மேடை ஏறினால் மற்றவர் முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குவது வழக்கமாயிற்று.

“என்ன தில்லை, கல்லுகிட்டயும் வாக்குமூலம் வாங்க வந்துட்டியா?”

“உன்னை மாதிரி கல்நெஞ்சுக்காரன்கிட்ட வாங்குறதைவிட இது சுலபம், ஜெயா.”

தில்லைநாயகியின் புத்தகம் சொன்னது இது: சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட பெண்களை மிரட்டுவதற்காக, முதலாளியின் உத்தரவின் பேரில், காவலாளி சங்கையா அவர்களைக் கிட்டங்கிக்குள் வைத்துப் பூட்டினார். ஜெயசீலனின் புத்தகம் வேறு மாதிரிச் சொன்னது. பதிவேட்டில் பெயர் இல்லாத பெண்கள் அந்த ஆபீஸில் நிறையப் பேர் இருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளரின் ஜீப் புளியமரத்துத் திருப்பத்தில் தெரிந்தால் இரண்டு தடவை மணி அடிப்பார்கள். அதற்கு ஜீப் மணி என்று பெயர். அடித்ததும் பேர் இல்லாதவர்கள் கிட்டங்கிக்குள் ஓடி ஒளிய வேண்டும், ஆபீஸர் போகும் வரை வெளியே பூட்டுத் தொங்கும். அன்றைக்கு வந்தது ஆபீஸர் ஜீப்பே இல்லை, பருத்தி விதைக் கம்பெனியின் ஜீப். ஆள் தெரியாமல் மணி அடித்துவிட்டார்கள். உள்ளே மருந்து முக்கிக் காயவைத்த தீக்குச்சிகளைக் கட்டை கட்டையாக அடுக்கியிருந்தார்கள். இருட்டில் யாரோ ஒரு அடுக்கைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். விபத்து, வழக்கத்தினால் வந்த விபத்து என்றார் ஜெயசீலன். கொலை என்றார் தில்லைநாயகி. பேராசிரியர்கள் சண்டை போட்டால் யாருக்கும் ரத்தம் வருவதில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சீனியம்மாள் சங்கையாவின் மகள்.

தில்லைநாயகியின் புத்தகம் வந்த இரண்டாம் வருஷம் ஊரில் நினைவுக்கல் வைத்தார்கள். முதலாளியின் பிள்ளைகள் அதற்கு இடம் கொடுத்தார்கள். இடம் கொடுத்தவர்களின் மனம் நோகக் கூடாது அல்லவா? ‘முதலாளியின் உத்தரவின் பேரில்’ என்ற சொற்கள் கல்லில் ஏறவில்லை. ‘காவலாளி சங்கையா பூட்டிய கிட்டங்கியில் இருபத்தேழு பெண்கள் தீக்கிரையாயினர்’ என்று மட்டும் நின்றது. அதே வரி எட்டாம் வகுப்புப் பாடத்திலும் ஏறியது. சீனியம்மாளின் மகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வாத்தியார் அதைச் சத்தமாக வாசித்தார். இவளுடைய தாத்தாதான் என்று பின்பெஞ்சில் யாரோ சொன்னார்கள். அந்தப் பெண் அன்றோடு பள்ளிக்கூடம் போகவில்லை.

இப்போது பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் வைக்கப்போகிறார்கள். வாசகத்தை முடிவு செய்யப் போட்ட குழுவில் மூன்று பேர்: இரண்டு வரலாற்று ஆசிரியர்கள், சங்கையா குடும்பத்தின் சார்பில் சீனியம்மாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் வாசகத்தைக் கல் தச்சருக்குச் சொல்லியாக வேண்டும்.

“சீக்கிரம் முடிவு பண்ணுங்க. சிமென்ட்டை உடைச்சாச்சு. தார்ப்பாய் வழியா வெளிச்சம் கசியுது. ரெண்டு மணிக்கு மேல ஆச்சுன்னா ஒண்ணும் தேறாது,” என்றாள் நஸ்ரீன்.

ஜெயசீலன் தயாராக வந்திருந்தார். “மணி அடிச்ச நேரம்தான் வேணும். ரெண்டே முக்கால்லேர்ந்து. யாரு மணி அடிச்சாங்க, யாரு சொல்லி அடிச்சாங்க, பொண்ணுங்க எப்படி வந்தாங்க? காரணம் தெரியாம காரியத்தைப் பாத்து என்ன பண்றது?”

“பூட்டின நேரம்தான் வேணும்,” என்றார் தில்லைநாயகி. “மூணு மணி. தள்ளி உள்ள விட்டாங்களா, முதலாளி பக்கத்துல நின்னாரா, அதைப் பாக்கணும். இருபத்தேழு பேர் செத்தது அந்தப் பூட்டுனால. மணியினால இல்ல.”

“உன் புத்தகத்துக்கு அட்டைப்படம் எடுக்க வந்தியா?”

“நீ உன் விதைக் கம்பெனி ஜீப்பைப் பாக்கத்தானே வந்தே!”

இருவர் குரலும் ஏறியது. தூணைச் சுற்றி இப்போது இரண்டு பேர் நடந்தார்கள். நஸ்ரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

“நான் ஒண்ணு கேக்கலாமா?”

சீனியம்மாள் எழுந்து நின்றிருந்தார். பேராசிரியர்கள் இருவரும் நடப்பதை நிறுத்தினார்கள். அவரைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

“ஏன் பூட்டுனாருன்னு நீங்க ரெண்டு பேரும் புஸ்தகம் போட்டுட்டீக. பூட்டுனதுல சந்தேகம் இல்ல, எங்கய்யாவே ஒத்துக்கிட்டாரு. தீப்பிடிச்ச பொறவு என்ன செஞ்சாரு? அத ரெண்டு பேருமே எழுதலையே. ஊருல ஓடிப்போய்ட்டாருங்காக. ‘நான் திரும்பி வந்தேன் தாயி, அதுக்குள்ள கூரை விழுந்திருச்சு’ன்னு அவரு எங்கிட்டச் சொன்னாரு. எனக்கு அப்ப ஒன்பது வயசு. பொறவு அஞ்சு வருஷம் இருந்தாரு, வேற ஒரு வார்த்தை பேசல. எனக்கு அந்த நேரம்தான் வேணும். எங்கய்யா பொய் சொன்னாரா, இல்லையா?”

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, உங்க வேதனை புரியுது. ஆனா அது வரலாற்றுக் கேள்வி இல்லையே. ஒரு தனி மனுஷன் திரும்பி வந்தாரா, வரலையாங்கிறது…”

“ஒரு தனி மனுஷன் பேரத்தானய்யா கல்லுல வெட்டி வச்சிருக்கீக?”

தில்லைநாயகி கைப்பையை இறுகப் பிடித்தார்.

அந்தப் பைக்குள் ஒரு பழைய குறிப்பேடு இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததை இன்று காலை ஏன் எடுத்துப் பையில் போட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு தப்பியவர்கள் நாலே பேர். அவர்களில் ஒருத்தி வேலுத்தாய். அவளிடம் எடுத்த பேட்டி அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. புத்தகத்தில் அந்தப் பேட்டி பதினோரு பக்கம் வந்திருக்கிறது. அரைப் பக்கம் வரவில்லை. ‘மணி கேட்டதும் நாங்கதான் உள்ள ஓடுனோம். அண்ணாச்சி, சீக்கிரம் பூட்டுங்க, ஆபீஸர் வந்திருவாகன்னு நாங்கதான் சத்தம் போட்டோம்’ என்று தொடங்கும் அரைப் பக்கம்.

அப்போது நஷ்ட ஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் பூட்டச் சொன்னோம் என்று அச்சில் வந்தால் முதலாளியின் வக்கீல் அதை எடுத்துக்கொண்டு ஆடியிருப்பார். செத்தவர்களின் பக்கம் நிற்கத்தான் தில்லைநாயகி அந்த அரைப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். வழக்கு தோற்று முடிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் ஏன் வெளியிடவில்லை? அதற்குள் புத்தகம் ஏழு பதிப்பு கண்டுவிட்டது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பூட்டிய நேரத்தை எடுத்தால், பெண்கள் தாங்களாகவே கதவை இழுத்துச் சாத்திக்கொள்வது தெரிந்துவிடும். மணி அடித்த நேரத்தை எடுத்தால், அவர்கள் ஓடி வருவது தெரிந்துவிடும். சீனியம்மாள் கேட்கும் நேரத்தில் இரண்டும் இல்லை.

“அம்மா சொல்றதுதான் சரி,” என்றார் தில்லைநாயகி. “தீப்பிடிச்ச நேரத்தையே எடுப்போம். மூணு இருபதுலேர்ந்து. நான் கையெழுத்துப் போடுறேன்.”

ஜெயசீலன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷத்தில் தில்லைநாயகி இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை. சீனியம்மாளோ வந்து தில்லைநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும் தாயி. உங்கள நான் மனசுக்குள்ள எம்புட்டோ வஞ்சிருக்கேன். மன்னிச்சிருங்க.”

அந்தக் கை காய்ப்பேறி, சூடாக இருந்தது. தில்லைநாயகிக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஒன்றேகால் மணிக்குத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் நான்கு பேரும் நுழைந்தார்கள். உள்ளே இருட்டு, புழுக்கம், சிமென்ட் தூசி நாற்றம். தூணின் மேல் ஒரு கருவியை அட்டை மாதிரி ஒட்டவைத்திருந்தாள் நஸ்ரீன். எதிரே ஒரு சிறிய திரை. “நீங்க பாக்கப்போறது இந்தத் தூண் பாத்தது. தூண் திரும்பாது, நகராது. தீ வெளிச்சம் ரொம்ப ஏறிட்டா எல்லாம் வெள்ளையாயிரும், அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது,” என்று சொல்லிவிட்டு விசையை அழுத்தினாள்.

கலங்கின குளத்துத் தண்ணீருக்குள் பார்ப்பது போல முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கோடுகள் கூடின. நிலைச்சட்டம். இரட்டைக் கதவு. கதவில் பெரிய பூட்டு. கதவின் ஓரத்தில் முக்காலி போட்டு, ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மேல்சட்டை இல்லை, தோளில் துண்டு, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மடியில் வைத்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அய்யா,” என்றார் சீனியம்மாள். அவ்வளவு மெல்ல ஒரு சொல்லைத் தில்லைநாயகி அதுவரை கேட்டதில்லை.

நாலு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மனிதர் வெற்றிலை போட்டார். கதவுப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தார். உள்ளிருந்து யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும், மறுபடி சிரித்தார். சாகப்போகிற இருபத்தேழு பேரும் அப்போது உள்ளே உயிரோடு இருந்தார்கள். தில்லைநாயகியின் புத்தகத்தில் சங்கையா ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை.

ஐந்தாவது நிமிஷம் கதவின் அடியிலிருந்து புகை வந்தது. சங்கையா முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பூட்டைப் பிடித்து இழுத்தார். கதவைத் தோளால் இடித்தார். ஒரு கல்லை எடுத்துப் பூட்டின் மேல் போட்டார், இரண்டு தடவை, மூன்று தடவை. அவர் கை இடுப்புக்குப் போனது, அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு அவர் திரும்பினார். முகம் நேராகத் தூணைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. அடுத்த கணம் இடது பக்கமாக ஓடிப் படத்தை விட்டு மறைந்தார்.

கதவின் இடுக்குகள் பிரகாசமாயின. கதவு உள்ளிருந்து அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. எட்டாவது நிமிஷத்தின் பாதியில் திரை முழுவதும் வெள்ளையானது. சீனியம்மாள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள்ளிருந்து யாராவது வருவார்கள் என்பது போல. ஒன்பதாவது நிமிஷம் இயந்திரம் தானாக நின்றது.

“அவ்வளவுதான்,” என்றாள் நஸ்ரீன். “கல்லுல இனி ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. முதலில் பேசியவர் ஜெயசீலன். “ஓடிட்டான்,” என்றார். சொன்ன பிறகு சீனியம்மாளைப் பார்த்து, “ஓடிட்டாரு,” என்று திருத்தினார். “நான் இதை எதிர்பார்க்கல. இத்தனை வருஷமா அவர் மேல தப்பில்லைன்னு எழுதினவன் நான். ஆனா கண்ணால பாத்தாச்சே. இடது பக்கம் ரோட்டு கேட் இருக்கு. பூட்டை உடைக்கப் பாத்தாரு, முடியல. பயம் வந்துருச்சு, ஓடிட்டாரு. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா ஓடிட்டாரு.”

“இடது பக்கம் கேட் மட்டுமா இருக்கு? முதலாளி ரூமும் அங்கதான் இருந்துச்சு,” என்றார் தில்லைநாயகி.

“அங்க எதுக்கு ஓடணும்? சாவி காவலாளி இடுப்புல இருக்கும். நீயே புத்தகத்துல எழுதியிருக்கே, ‘இடுப்பில் சாவிக்கொத்தோடு’ன்னு.”

“இடுப்புல கை வச்சாரு. ஒண்ணும் எடுக்கல. சாவி அங்க இல்ல.”

“இருந்தும் பதற்றத்துல எடுக்கத் தோணாம இருந்திருக்கலாம். நீ பாத்த அதே படத்தைத்தான் நானும் பாத்தேன் தில்லை. இல்லைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?”

சங்கையாவைக் குற்றவாளி என்று எழுதியவர் இப்போது அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றி எழுதியவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். இதற்காகவா ஒரு கல்லின் கண்ணைக் குருடாக்கினோம் என்று இருந்தது. சீனியம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு நம்பிக்கையாவது இருந்தது. இப்போது தகப்பனின் திறந்த வாயும், ஓடிய முதுகும் மட்டும் இருந்தன.

சாவி. அந்தச் சொல் தில்லைநாயகியின் தலைக்குள் எதையோ தட்டியது. வேலுத்தாயும் சாவியைப் பற்றி ஏதோ சொன்னாள். எங்கே சொன்னாள்? பதினோரு பக்கத்தில் இல்லை. பதினோரு பக்கமும் அவருக்கு மனப்பாடம்.

அவர் பையைத் திறந்தார். குறிப்பேட்டின் தாள்கள் பழுத்திருந்தன. சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்ட அரைப் பக்கத்தை, நின்றபடியே, இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வாசித்தார். முதல் இரண்டு வரிக்காகத்தான் அந்தக் கோட்டைப் போட்டிருந்தார். அவற்றுக்குக் கீழே இருந்ததை அப்போது ஒழுங்காக வாசிக்கக்கூட இல்லை.

இதை இப்படியே மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. தூணே மறந்துவிட்டது, வேலுத்தாய் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

“ஜெயா, ஆதாரம் கேட்டியே,” என்றார். “கேளு.”

வாசித்தார். “‘மணி கேட்டதும் நாங்கதான் உள்ள ஓடுனோம். அண்ணாச்சி, சீக்கிரம் பூட்டுங்க, ஆபீஸர் வந்திருவாகன்னு நாங்கதான் சத்தம் போட்டோம். ஒரு தடவை ஆபீஸரு அண்ணாச்சி இடுப்புல இருந்த கொத்தப் பிடிச்சு, இது எந்தக் கதவுச் சாவின்னு கேட்டுட்டாகளாம். அதுலேருந்து ஜீப் மணி அடிச்சா கிட்டங்கிச் சாவி அவருகிட்ட இருக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாக. பூட்டிட்டு, சாவிய முதலாளி ரூமுல லட்சுமி படத்துக்குப் பின்னால ஆணியில மாட்டிட்டு வந்துதான் ஒக்காருவாரு. அன்னைக்கும் மாட்டிட்டு வந்துட்டேன் தாயின்னு வெளிய இருந்து சொன்னாரு. பாவம், அந்த மனுசன் என்ன செய்வாரு.’”

தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

“இது எப்ப எடுத்தது?” என்று ஜெயசீலன் கேட்டார்.

“புத்தகத்துக்கு முந்தின வருஷம்.”

“அப்ப… ஜீப் மணி, ஒளியிறது, எல்லாம் உனக்கு அப்பவே தெரியும். நான் பொய் சொல்றேன்னு மேடை மேடையா பேசினியே!”

“தெரியும்.”

சீனியம்மாள் கிட்டே வந்தார். குறிப்பேட்டை வாங்கினார். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். “இது இருபத்தொன்பது வருசமா உங்க வீட்டுல இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“எம்மக பள்ளிக்கூடத்த விட்டப்ப?”

“அப்பவும் இருந்துச்சு.” தில்லைநாயகி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்த அளவுக்காவது தைரியம் இருந்தது. “கேஸுக்குக் கெடுதல் ஆயிரும்னு மறைச்சேன். கேஸ் முடிஞ்ச பிறகு, எம் பேரு கெட்டுரும்னு மறைச்சேன். இப்பக்கூட, நீங்க கேட்ட நேரத்துக்கு நான் ஒத்துக்கிட்டது உங்களுக்காக இல்ல. மத்த நேரத்தை எடுத்தா நான் மாட்டிக்குவேன்னுதான்.”

சீனியம்மாள் அவரை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை, அழவும் இல்லை. வேப்பமரத்தடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டார். தகப்பனைப் போலவே ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“திரும்பி வந்தாரான்னு கல்லு சொல்லல,” என்றார். “ஆனா எதுக்கு ஓடுனாருன்னு தெரிஞ்சிருச்சு. ஆணிக்கு ஓடுனாரு.”

“அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா,” என்று ஜெயசீலன் ஆரம்பித்தார். பழக்க தோஷம். “சாவி ஆணியில இருந்தது உறுதி. அவர் அங்கதான் ஓடினாருங்கிறது…”

“சார்!” என்றாள் நஸ்ரீன். ஜெயசீலன் நிறுத்திக்கொண்டார்.

நாலே முக்காலுக்குக் கல் தச்சர் போனில் கூப்பிட்டார். வாசகம் தயாரா என்று கேட்டார். தில்லைநாயகி பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னார். சீனியம்மாள் மடியில் இருந்த குறிப்பேட்டின் பின்னாலிருந்து ஒரு தாளைக் கிழித்து, “உங்க அய்யா பேரை எடுத்துரலாம்மா,” என்றார். “கிட்டங்கி பூட்டியிருந்ததுன்னு மட்டும் போடுவோம்.”

“எடுக்காதீக. பூட்டுனது அவருதான். அது இருக்கட்டும். சாவி எங்க இருந்துச்சு, யாரு அங்க வைக்கச் சொன்னான்னு அதுக்குக் கீழ எழுதுங்க. வேலுத்தாய் சொன்னான்னு எழுதுங்க. அத இம்புட்டு வருசம் யாரு மறைச்சு வச்சிருந்தாகன்னு அதுக்கும் கீழ எழுதுங்க.”

தில்லைநாயகி எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் ஜெயசீலன் எட்டிப் பார்த்தார். “‘மறைத்தவர் பேராசிரியர் தில்லைநாயகி.’ இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார். “உன்மேல எனக்கு எவ்வளவு கோபம்னு உனக்கே தெரியும், தில்லை. ஆனா இது அரைகுறை. கேஸ் நடந்துச்சு, வக்கீல் இருந்தான், நீ அந்தப் பொம்பளைங்க பக்கம் நின்னே. அதெல்லாம் இல்லாம பேரை மட்டும் வெட்டினா நாளைக்குப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? காரணத்தைச் சொல்லாம ஒருத்தர் பேரை மட்டும் கல்லுல போடுறது வரலாறு இல்லம்மா.”

சீனியம்மாள் தலையை நிமிர்த்தினார்.

“எங்கய்யாவுக்கு நீங்க காரணம் போட்டீகளா?”

ஜெயசீலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போன் மறுபடி அடித்தது. தில்லைநாயகி எடுத்து, வாசகத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினார். கடைசி வரிக்குக் கல்லில் இடம் போதாது, எழுத்தைச் சின்னதாக்கவா என்று தச்சர் கேட்டார். வேண்டாம், எல்லா எழுத்தும் ஒரே அளவில் இருக்கட்டும் என்றார் தில்லைநாயகி. பிறகு போனை வைத்துவிட்டு, நிழலில் காலையிலிருந்து காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.